செல்விக்கு ஒரு கட்டம்

எங்கள் அலுவலகத்தில் அவர் சேர்ந்த முதல் நாள், மரியாதைக்கு “வாங்கக்கா, உக்காருங்க” என்றேன். அவர் உட்காரவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் என்னைப் பார்த்தார்.

“அக்காங்குறீங்களே சார், என் ஆதார் கார்டப் பாத்தீங்களா, இல்ல யாரும் சொன்னாங்களா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிற்பாடு விசாரித்ததில் என்னைவிட நான்கு மாதம் சின்னவர் என்று தெரிந்தது. அதற்குள் எங்கள் தலைவரான டாக்டரைத் தவிர மற்ற எல்லோரும் அவரை அக்கா என்று கூப்பிடப் பழகியிருந்தார்கள். நானும் மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் என் நினைவில் அவர் அக்காதான்.

“பாத்தீங்களா, சொன்னாங்களா?” என்பது அவர் வாயில் காலை வணக்கம் மாதிரி வரும். ஒருநாள் மின்விசிறி நின்றது. “ஏரியா முழுக்கக் கரெண்ட் போச்சு” என்று நான் சொல்லிவிட்டுக் கையில் கிடைத்த ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தேன். “பாத்தீங்களா, சொன்னாங்களா?” என்று எழுந்து பால்கனிக்குப் போனார். எதிர் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாடிக்கு மட்டும்தான் ஃபியூஸ் போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஆள் வந்து போகும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். முள்ளு முருங்கை அடை கொண்டுவருவார். ஆளுக்கொன்று கொடுப்பார். கையில் வாங்கியதுமே “பிரமாதம்க்கா” என்பேன். “இன்னும் பிச்சுக்கூட வாயில போடல, அதுக்குள்ள பிரமாதமா?” என்று கேட்பார். அப்புறம் அந்த அடை தொண்டையில் இறங்குமா? அப்படிப்பட்ட ஆளோடு ஒரே அறையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

மதுரை கே.கே. நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் அறக்கட்டளை இருந்தது. வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருப்பவர்கள் மாத்திரையை நடுவில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. மாத்திரை கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் அவர்கள் செல்போனுக்கு ஒரு செய்தி போகும். அதைப் பார்த்துவிட்டு துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்து நர்ஸிடம் மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். சில ஊர்களுக்குச் செய்தி போகும், சில ஊர்களுக்குப் போகாது. எந்த ஊர்க்காரர்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆய்வு. இந்த யோசனை டாக்டருடையது. அவர்தான் அறக்கட்டளைக்குத் தலைவர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

நான் அறிக்கை எழுதுகிறவன். அதோடு மாதம் ஒருமுறை ஊருக்குப் போய், எல்லாம் திட்டப்படி நடக்கிறதா என்று நேரில் பார்த்து ஒரு படிவம் நிரப்பவேண்டியதும் என் பொறுப்பு. செய்தி போகும் ஊர்களில் போன் நம்பர் வாங்கவும் பதிவேடு எழுதவும் செல்வி என்று ஒரு பெண்ணை வைத்திருந்தோம். அந்தப் பக்கத்துப் பெண்தான். அவள் அம்மா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகத் தோளில் பையும் கையில் பேனாவுமாக வேலைக்குப் போனவள் செல்வி. இப்படி நாங்கள் நிரப்பி அனுப்பும் தாள்களையெல்லாம் சரிபார்ப்பதற்கென்று வந்து சேர்ந்தவர்தான் அக்கா.

சரிபார்க்க வந்தவரை யாருக்குப் பிடிக்கும்? எங்களுக்கும் பிடிக்கவில்லை. பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தார். யாராவது பேசும்போது பாதியில் அதைத் திறந்து ஒரு வரி எழுதுவார், மூடுவார். என்ன எழுதினார் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. அவர் இதற்கு முன் வேலை பார்த்த இடத்தை அவர் அங்கே சேர்ந்தபின் மூடிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அதை நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு யார் சொன்னார்கள் என்று இப்போது யோசித்தால் ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

போன் வேறு. அவர் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டிலிருந்து போன் வந்தால் ஜன்னலோரம் போய் அவர்கள் பாஷையில் பேசுவார். எங்களுக்கு ஒரு சொல் புரியாது. நடுநடுவே “ரிப்போர்ட்”, “வாடிப்பட்டி”, “டாக்டர்” என்று மட்டும் வந்து விழும். அது போதாதா? அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிடும். நிதி கொடுக்கிறவர்களுக்குத் தகவல் போகிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

ஆய்வு முடிகிற சமயம் இந்தப் போன் பேச்சு அதிகமானது. ஒரு சாயங்காலம் அவர் பஸ்ஸில் ஏறியதும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போனேன். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் இறங்கினார். குளத்துக் கல் சுவரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்து காத்திருந்தார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சுற்றிலும் பிள்ளைகள் விளையாட, ஜனங்கள் காற்று வாங்க, நான் சுண்டல் வண்டி மறைவில் நின்று அத்தனையும் பார்த்தேன்.

மறுநாள் காலை டாக்டரிடம் போய்விட்டேன். “நம்ம பேப்பரெல்லாம் வெளிய போகுது டாக்டர்.”

“நீங்க பாத்தீங்களா?” என்றார் டாக்டர். அக்காவின் வியாதி அவருக்கும் தொற்றியிருந்தது.

“என் கண்ணாலயே பாத்தேன்” என்றேன். என் வாழ்க்கையில் நேரில் பார்த்து நான் சொன்ன ஒன்றிரண்டு அறிக்கைகளில் அது ஒன்று. அதுவும் தப்பாகத்தான் போனது, அதைப் பிறகு சொல்கிறேன். டாக்டர் “பாப்போம்” என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

ஆய்வின் முடிவு எங்களுக்குச் சாதகமாக வந்திருந்தது. செய்தி போன ஊர்களில் ஆட்கள் மாத்திரையை நன்றாகவே சாப்பிட்டிருந்தார்கள். டாக்டர் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். அடுத்த கட்டமாக இன்னும் நிறைய ஊர்களுக்குச் செய்தியை விரிவாக்குவது என்றும், செய்தியே வேலையைப் பார்த்துக்கொள்வதால் ஊருக்குள் தனியாக ஆள் தேவையில்லை என்றும் பேச்சு வந்தது. தேவையில்லாத ஆள் என்றால் செல்விதான். நான் ஸ்வீட்டைத் தின்றுகொண்டே தலையாட்டினேன்.

ஆய்வை ஒரு மருத்துவ இதழுக்கு எழுதி அனுப்ப வேண்டும். எந்த வழிகாட்டிப் பட்டியலைப் பார்த்து எழுதினீர்கள் என்று இதழ்க்காரர்கள் முதலிலேயே கேட்பார்கள். பட்டியல் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு ஆய்வைப் பற்றி எதையெல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதிய தாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்கும். அந்த விஷயம் கட்டுரையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அதில் குறிக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று மருந்துச் சோதனைகளுக்கு வழக்கமாக வைத்துக்கொள்வது: எத்தனை பேர், எப்படிப் பிரித்தீர்கள், முடிவு என்ன. இன்னொன்று, ஒரு திட்டத்தை ஊருக்குள் கொண்டுபோய் நடத்திப் பார்க்கும் ஆய்வுகளுக்கென்றே உண்டானது. அது முடிவையும் கேட்கும், முடிவு எப்படி வந்தது என்றும் கேட்கும். யார் செய்தார்கள், சொன்னபடி செய்தார்களா, நடுவில் எதை மாற்றினார்கள், அந்த ஊரின் நிலவரம் என்ன என்று போய்க்கொண்டே இருக்கும்.

டாக்டருக்கு முதல் பட்டியல் போதும். எனக்கும் அதுதான் சௌகரியம், ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிடலாம். அக்கா இரண்டாவதுதான் வேண்டும் என்றார்.

“ஏங்க்கா வேலைய இழுத்து விடுறீங்க?” என்றேன்.

“மெசேஜ் போச்சு, ஆளு வந்துச்சுன்னு எழுதப்போறீங்க. வந்ததப் பாத்தீங்களா, சொன்னாங்களா?”

“படிவத்துல இருக்குக்கா.”

“படிவத்த யாரு எழுதுனா?”

நான்தான் எழுதினேன். அதில்தான் வம்பே. வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடை உண்டு. வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அங்கே உட்கார்ந்து வடைக்குச் சொல்லிவிட்டுச் செல்விக்குப் போன் போடுவேன். மெசேஜ் போச்சா, மாத்திரை கொடுத்தாச்சா என்று கேட்பேன். “எல்லாம் குடுத்தாச்சு சார், நேர்ல வந்து பாக்குறீங்களா?” என்பாள். “அதெல்லாம் வேணாம், நீ சொன்னாப் போதும் செல்வி” என்பேன். ‘திட்டப்படி நடந்ததா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பிவிடுவேன். முதல் மாதம் மட்டும் ஊருக்குள் போனேன். அதற்கப்புறம் டீக்கடையோடு சரி.

ஒருமுறை திருப்பூரிலிருந்து ஒரு ஆள் அலுவலகத்துக்கே போன் போட்டு, “அண்ணே, எனக்கு என்ன வியாதின்னு மாசாமாசம் மாத்திர வாங்க வான்னு மெசேஜ் போடுறீக?” என்று கேட்டான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேனே தவிர, அவன் நம்பர் எப்படி எங்கள் பட்டியலுக்கு வந்தது என்று யோசிக்கவில்லை. நான் சிரித்தபோது அக்கா பச்சை நோட்டைத் திறந்து எழுதினார். என்னைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

ஆய்வு முடிந்த பிறகும் ஊர்களில் மாத்திரை கொடுப்பது நடந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு மாத்திரை நாள் காலை, “ஊருக்குப் போறேன் சார், நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டார். மாட்டேன் என்றால் சந்தேகம், வருகிறேன் என்றால் ஆபத்து. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். வழி முழுக்க அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் அவர் கைப்பையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார். வரிசை இல்லை, ஆள் இல்லை. “மாத்திரையா? செல்வி வந்து வாங்கிட்டுப் போயிருச்சே, கண்மாய்ல பாருங்க” என்றார். கண்மாய்க்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. மண் வெட்டுகிறவர்களுக்கு நடுவே செல்வி மஞ்சப்பையோடு ஒவ்வொருவரிடமாகப் போய்க்கொண்டிருந்தாள். பெயரைக் கேட்டு, மாத்திரையை எண்ணிக் கையில் வைத்து, முந்தின மாத மாத்திரை அட்டை தீர்ந்துவிட்டதா என்று வாங்கிப் பார்த்தாள். “ஒரு நாளு விட்டாலும் வீட்டுக்கே வந்து கத்துவேன் சின்னம்மா, பாத்துக்க” என்று ஒரு பெண்ணை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

எங்களைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா மெதுவாகத்தான் கேட்டார், எல்லாம் வெளியே வந்தது. இந்த ஜனங்களில் பாதிப் பேருக்குச் சொந்த போன் கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்த மீதிப் பேரும் மாத்திரை நாளில் வர முடியாது. வேலையிடத்தில் காலையிலும் மத்தியானமும் போட்டோ பிடித்து வருகைப் பதிவு போடுகிறார்கள், நடுவில் போனால் அன்றைக்கு ஆப்சென்ட். பெயர் பதிந்த முதல் மாதம் வந்தவர்கள் அடுத்த மாதம் வரவில்லை என்றதும், செல்வி தானாகவே மாத்திரையை எடுத்துக்கொண்டு இங்கே வர ஆரம்பித்திருக்கிறாள்.

“அப்பறம் ஏன் எல்லாம் ஆம்னு சொன்ன?” என்றேன் நான். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“இல்லைன்னு வந்தா உங்களுக்குத்தான் கெட்ட பேருன்னு மொத மாசம் சொன்னீங்களே சார்” என்றாள். பிறகு அக்காவின் கையிலிருந்த பச்சை நோட்டைப் பார்த்தாள். “எழுதிராதீகக்கா. சொன்னத மாத்திச் செஞ்சேன்னு தெரிஞ்சா என்னைய நிப்பாட்டிருவாக. இத விட்டா எனக்குக் காட்டு வேலதான். எங்காத்தா இம்புட்டு நாளா அதுக்கா என்னையப் படிக்க வச்சுச்சு?”

“எழுதத்தான் வந்துருக்கேன்” என்றார் அக்கா.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். மரத்தடியில் இருந்த குடத்தில் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருந்ததைப் பட்டென்று நிறுத்தினார்கள். செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு “வாங்க சார், பஸ் வந்துரும்” என்றார். அந்தப் பேச்சு என்னவாக இருக்கும் என்று நினைத்து நினைத்தே எனக்கு இரண்டு நாள் ஓடியது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். டாக்டர், அக்கா, நான். அக்கா கைப்பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெப்பக்குளத்தில் கைமாறியது இதன் கையெழுத்துப் பிரதிதான். இரண்டாவது பட்டியல் முழுவதையும் அவரே தமிழில் எழுதியிருக்கிறார், அந்தக் கண்ணாடிக்காரர், டைப் அடிக்கும் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன், அதை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். ஜன்னலோரப் போன் பேச்சும் இதைப் பற்றித்தான். ஊரில் வேலை பார்க்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான். டாக்டர் தாளைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தேன்.

“மேடம், எந்த லிஸ்ட்ட எடுத்தாலும் இதழ்க்காரங்க ஒத்துக்குவாங்க. எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீங்க?” என்றார் டாக்டர்.

“அந்த லிஸ்ட்டு, மாத்திர சாப்புட்டாங்களான்னு கேக்குது. சாப்புட்டாங்க, அதோட கத முடிஞ்சுச்சு. இந்த லிஸ்ட்டு, யாரு கொண்டுபோய்க் குடுத்தா, எத மாத்துனாங்கன்னு கேக்குது. இதுல செல்விக்கு ஒரு கட்டம் இருக்கு டாக்டர். அதுல இல்ல. அத வச்சு எழுதுனா, அடுத்த ஊருக்கெல்லாம் வெறும் மெசேஜ் மட்டும் போகும். போயி திருப்பூர்ல நிக்கும்.”

கண்மாய்க்கரையில் பார்த்ததைச் சொன்னார். டாக்டர் முகம் கறுத்தது. “அன்னிக்கு ஒரு நாள் அப்புடி நடந்துருக்கும். மாசாமாசம் படிவம் இருக்குல்ல? எல்லாத்துலயும் ஆம்னு இருக்கே?” என்று ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையெழுத்து. அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான போனீங்க? திட்டப்படிதான நடந்துச்சு?”

அக்காவின் உள்ளங்கைக்கு அடியில் பச்சை நோட்டு மூடியபடி இருந்தது. நான் ஆமாம் என்று சொன்னால் அதைத் திறப்பார். “பாத்தீங்களா, சொன்னாங்களா?” என்று கேட்பார். டீக்கடை, வடை, போன் எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். அவர் வாயால் கேவலப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல். இதில் நேர்மை ஒன்றும் கிடையாது, பயம்தான். உள்ளதைச் சொல்கிறேன்.

“இல்ல டாக்டர். மொத மாசத்துக்கப்பறம் நான் ஊருக்குள்ள போகல. போன்ல கேட்டு டிக் அடிச்சேன்.”

கீழே பல் டாக்டரின் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். அப்புறம் அந்தத் தமிழ்ப் பட்டியலை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது பட்டியலைப் பார்த்துத்தான் கட்டுரையை எழுதினோம். நான்தான் எழுதினேன். ‘திட்டத்தில் செய்த மாற்றங்கள்’ என்ற கட்டத்துக்காக மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுத வேண்டியிருந்தது. படிவங்கள் நேரில் பார்த்து நிரப்பப்பட்டவை அல்ல என்பதையும் எழுதினேன், விரல் கூசியது. முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பியது. அடுத்தது எடுத்துக்கொண்டது. டாக்டர் ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கும் மாத்திரை கொண்டுபோக ஆள் போட்டார்கள். அவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கச் செல்வியைத்தான் வைத்தார்கள். அவள் இப்போதும் அந்த வேலையில் இருக்கிறாள். அக்கா மறு வருடம் வேலையை விட்டுப் போனார். கோயம்புத்தூரில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் கூட்டம் நடந்த அன்று மத்தியானத்தை என்னால் மறக்க முடியவில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா தன் மேஜையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

“நான் ஊருக்குப் போகலைங்கறது உங்க நோட்டுல இருக்குல்லக்கா?”

“இல்ல சார்.”

“சும்மா சொல்லாதீங்க.”

அவர் பச்சை நோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “பாத்துக்கங்க.”

கை நீண்டது, பாதியில் நின்றது. அதில் என் பெயர் இருந்தால் அவமானம். இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம். அவர் வந்த நாளிலிருந்து அந்த நோட்டைத்தான் சந்தேகப்பட்டேன், இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது, திறக்கத் தைரியம் இல்லை.

“வேணாம்க்கா” என்றேன். “நீங்க சொன்னாப் போதும்.”

அக்கா நோட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

“செல்விகிட்டயும் மாசாமாசம் இதத்தான் சொன்னீங்களாம்” என்றார்.